பழைய ஜீப்புக்குள் டீசல் எஞ்சின்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைச் சுற்றி நிற்கும் வாகனங்களைப் பார்த்தாலே வன்னியின் போக்குவரத்து வரலாறு பாதி விளங்கிவிடும். பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்கள், லான்ட்மாஸ்டர்கள், பேருந்துகள், வான்கள், முச்சக்கர வண்டிகள். இவற்றின் நடுவே எப்போதாவது ஒரு பழைய லாண்ட்றோவரோ வில்லிஸ் ஜீப்போ நிற்கும். உடம்புக்கு அறுபது வயது. முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது யப்பானிய வான் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினாக இருக்கலாம்.

வற்றாப்பளையின் ஒரு பக்கம் நந்திக்கடல். மறுபக்கம் முள்ளியவளை. அதற்கப்பால் தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டுக் குளங்களை நம்பிய வயல்கள். மாரியில் குளம் வான் பாய்ந்தால் வயற்பாதை சேறாகும். கோடையில் அதே பாதை கிறவல் புழுதியாகும். இப்படிப்பட்ட நிலத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் பொருத்தமானதுதான். ஆனால் அதன் பெற்றோல் எஞ்சின் தேய்ந்து போயிருக்கும், உதிரிப்பாகம் கிடைக்காது, எரிபொருளையும் அள்ளிக் குடிக்கும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கையில் இருந்த வாகனத்தைக் காப்பாற்றுவதே ஒரே வழியாக இருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய எஞ்சின் ஒன்றை வாங்கி வந்து பொருத்தினால் வேலை முடிந்துவிடும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள்.

வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெற்றோல் எஞ்சின் உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைத்து ஓடுகிறது. டீசல் எஞ்சின் காற்றைத் தாராளமாக விட்டுவிட்டு எரிபொருளை மட்டும் கூட்டிக் குறைத்து ஓடுகிறது. இந்த ஒரு வேறுபாடு பிறேக்கிலிருந்து சாவித்துவாரம் வரை வாகனம் முழுவதையும் தொடும். எஞ்சினை மாற்றுகிறவர் உண்மையில் மாற்றுவது வாகனம் எரிபொருளோடும் காற்றோடும் வைத்திருக்கும் உறவை.

மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவை வன்னி மக்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள் எனப் பல பொருள்கள் செல்வதை அரசாங்கம் தடுத்தது. ஓரளவு கிடைத்தது மண்ணெண்ணெய். அதில்தான் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறிவிடும்.

இதே முறையைப் பிரித்தானிய உழவு இயந்திரங்களும் பின்பற்றியிருக்கின்றன. 1940களின் இறுதியில் ஃபேர்குசன் நிறுவனம் தன் புகழ்பெற்ற சிறிய உழவு இயந்திரத்தை, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓட்டும் மாதிரியிலும் விற்றது.

மண்ணெண்ணெயில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, அது குளிரில் ஆவியாகாது. ஆவியாகாத எரிபொருளை பிளக்கின் தீப்பொறி பற்றவைக்க முடியாது. அதனால்தான் தொடக்கத்தில் பெற்றோல் தேவைப்பட்டது. ஆவியாகாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது. இரண்டாவது சிக்கல் நேர்மாறானது. ஆவியான பிறகு அழுத்தமும் சூடும் ஏறினால், மண்ணெண்ணெய் பெற்றோலை விட எளிதில் தானாகவே தீப்பற்றும். தீப்பொறி தொட்ட இடத்திலிருந்து சுவாலை ஒழுங்காகப் பரவுவதற்கு முன், மூலையில் இருக்கும் கலவை தானே வெடித்துவிடும். எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுவது அதனால்தான். ஏ40 போன்ற பழைய கார்கள் இதைத் தாங்கியதற்குக் காரணம், அவற்றின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவு, சுமார் ஏழுக்கு ஒன்று எனத் தாழ்ந்து இருந்ததுதான். அழுத்த விகிதம் கூடிய புதிய எஞ்சின் அதே மண்ணெண்ணெயில் விரைவில் பிஸ்டனை இழந்திருக்கும்.

தானாகத் தீப்பற்றுவது பெற்றோல் எஞ்சினுக்கு நோய். டீசல் எஞ்சினுக்கு அதுவே உயிர்.

தீப்பொறி இல்லாத தீ

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்க்காதவர் இல்லை. காற்றை விரைவாக நெருக்கினால் அது சூடாகும். ருடொல்ஃப் டீசல் 1890களில் செய்தது இந்த விளைவை எல்லை வரை கொண்டு போனதுதான். காற்றை மட்டும் உள்ளே எடுத்து, அதை இருபதில் ஒரு பங்கு இடத்துக்கு நெருக்கினால், காகிதக் கணக்கில் அதன் வெப்பநிலை 600 பாகை செல்சியசைத் தாண்டும். சிலிண்டர் சுவர்களுக்குப் போகும் சூட்டைக் கழித்தாலும் டீசல் தானே பற்றிக்கொள்ளத் தேவையானதை விட அது மிக அதிகம். அந்தக் கணத்தில் நொசில் வழியாக எரிபொருளைத் தூவினால் பிளக் வேண்டாம், கொயில் வேண்டாம், டிஸ்றிபியூட்டர் வேண்டாம். 1897இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் சோதிக்கப்பட்ட அவரது எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் 26 வீதத்தை வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்கள் அதன் அருகிலும் வரவில்லை.

பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால்தான் தீப்பொறியில் எரியும். ஆகவே வேகத்தைக் குறைக்க எரிபொருளோடு காற்றையும் குறைக்க வேண்டும். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் காற்றுக்குழாயில் ஒரு தகடு மூடிக்கொள்கிறது. எஞ்சின் மூச்சை இழுத்து இழுத்து வாங்குகிறது. டீசலில் அந்தத் தகடே இல்லை. எஞ்சின் ஒவ்வொரு முறையும் நிறையக் காற்றை எடுக்கிறது. பம்ப் தேவையான அளவு எரிபொருளைத் தருகிறது. சும்மா நிற்கும்போது மிகச் சிறு துளி, ஏற்றத்தில் பெரிய துளி, அவ்வளவுதான். மூச்சை அடக்கி வாங்கும் வீண்வேலை இல்லாததும், அதிக அழுத்த விகிதமும் சேர்ந்துதான் டீசலைச் சிக்கனமாக்குகின்றன. ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலை விடச் சுமார் பத்திலொரு பங்கு ஆற்றல் அதிகம் இருப்பதும் கணக்கில் சேரும்.

ஒரே அளவு, இரண்டு எஞ்சின்

"டீசலுக்கு இழுவை அதிகம்" என்பது கராஜ்களில் அடிக்கடி கேட்கும் வாசகம். அதைச் சோதிக்க லாண்ட்றோவரே நல்ல ஆய்வுகூடம். 1960களில் அந்த நிறுவனம் 2,286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவில் இரண்டு எஞ்சின்களை விற்றது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் போய்வரும் தூரமும் இரண்டிலும் ஒன்றே. ஒன்று பெற்றோல், அழுத்த விகிதம் ஏழு. மற்றது டீசல், அழுத்த விகிதம் இருபத்துமூன்று.

பெற்றோல் எஞ்சின் 4,250 சுற்றில் 77 குதிரைவலு தந்தது. டீசல் 4,000 சுற்றில் 62. முறுக்குவிசை, அதாவது மெக்கானிக்மார் இழுவை என்று சொல்வது, பெற்றோலில் 168 நியூட்டன் மீற்றர். டீசலில் 140தான். ஒரே கொள்ளளவில், ரேர்போ இல்லாத டீசல் எஞ்சின் எல்லா வகையிலும் மெலிந்தது. எரிபொருள் கடைசிக் கணத்தில் தூவப்படுவதால் எல்லாக் காற்றோடும் கலக்க அதற்கு நேரமில்லை. காற்று மிச்சமிருக்கும்படி குறைவாகத் தூவினால்தான் கரும்புகை வராமல் ஓடும். நெருக்கும் வேலைக்கும் உராய்வுக்கும் போகும் இழப்பு வேறு.

ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு எண் உண்டு. பெற்றோல் தன் உச்ச இழுவையைத் தருவது 2,500 சுற்றில். டீசல் தருவது 1,800 சுற்றில். டீசலின் இழுவை கீழே, எஞ்சின் மெதுவாக ஓடும்போதே வந்துவிடுகிறது. சேற்றிலும் வரம்பிலும் போகிறவருக்கு அதுதான் வேண்டும். மாங்குளம் வீதியில் வேகமாகப் போக விரும்புகிறவர் ஏமாறுவார். இதனால்தான் எஞ்சின் மாற்றுகிறவர்கள் அதே அளவு டீசலைத் தேடுவதில்லை. நிசானின் 2.7 லீற்றர் டிடி27, இசுசுவின் 2.8 லீற்றர் 4ஜேபி1 போன்ற பெரியவற்றையே நாடுகிறார்கள். கொள்ளளவு கூடும்போது இழந்த இழுவை திரும்பி வருகிறது.

காலை எடுத்தாலும் நகரும்

டீசலுக்கு இன்னொரு குணம் உண்டு; எண் அட்டவணைகளில் அது தெரியாது. அதன் எரிபொருள் பம்புக்குள் கவர்னர் என்ற சிறு பொறி இருக்கிறது. எஞ்சின் சும்மா ஓடும் வேகத்திலிருந்து கீழே இறங்கத் தொடங்கினால், சுழலும் எடைகள் அதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டும். சுமை குறைந்தால் எரிபொருளைக் குறைக்கும். காபரேற்றர் வைத்த பெற்றோல் எஞ்சினுக்கு இந்தத் தன்னறிவு இல்லை. சுமை ஏறினால் அது நின்றுவிடும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய லாண்ட்றோவரில் லோ கியரும் முதலாம் கியரும் சேர்ந்தால், எஞ்சின் ஏறத்தாழ 40.7 முறை சுற்றும்போதுதான் சக்கரம் ஒரு முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடுகிறது, ரயரின் சுற்றளவு 2.2 மீற்றர் என்று கொண்டால், ஜீப் மணிக்கு 2.6 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். ஒரு முதியவரின் நடை வேகம். ஓட்டுநர் இரண்டு காலையும் எடுத்துவிட்டு ஸ்ரியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு வயற்பாதையின் குழிகளைக் கடக்கலாம். குழி ஆழமானால் கவர்னர் எரிபொருளைக் கூட்டும்; வெளியே வந்ததும் குறைக்கும். சேற்றில் ஜீப் புதைவது பெரும்பாலும் சக்கரம் திடீரென்று வேகமாகச் சுழன்று குழி தோண்டுவதால்தான். டீசலின் இந்த நிதானம் அந்தத் தவறை ஓட்டுநரைச் செய்யவிடாது.

இதே கணக்குக்கு ஓர் ஆபத்தான மறுபக்கமும் உண்டு. 140 நியூட்டன் மீற்றர் இழுவையை 40.7ஆல் பெருக்கினால் அச்சில் 5,700 நியூட்டன் மீற்றர் வருகிறது. சேற்றில் ரயர் வழுக்குவதால் அவ்வளவும் அச்சுத்தண்டுக்குப் போகாது. ஆனால் சக்கரம் வேருக்கோ கல்லுக்கோ இடையில் இறுகிப் பிடித்துக்கொண்டால் எங்காவது ஒன்று உடைந்தாக வேண்டும். பழைய லாண்ட்றோவரின் பின் அச்சுத்தண்டுகள் தொழிற்சாலை எஞ்சினுடனேயே உடைவதற்குப் பேர்போனவை. பெரிய எஞ்சின் பொருத்துகிறவர் பின்னச்சைப் பற்றி நினைக்காவிட்டால் அது காட்டுக்குள் நினைவூட்டும்.

உழவு இயந்திர எஞ்சினா, வான் எஞ்சினா?

வன்னியில் எளிதில் கிடைக்கும் டீசல் எஞ்சின் உழவு இயந்திரத்தினுடையது. மசி ஃபேர்குசன் 135இல் உள்ள மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின் 2.5 லீற்றர் கொண்டது. நல்ல இழுவை, எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆளுண்டு. அதை ஜீப்புக்குள் போட்டால் என்ன?

அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2,250 சுற்றுக்குமேல் ஓட வடிவமைக்கப்படவில்லை. லாண்ட்றோவரின் டொப் கியரில் எஞ்சின் 5.4 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 2,250ஐ 5.4ஆல் வகுத்து 2.2ஆல் பெருக்கி, நிமிடக் கணக்கை மணிக் கணக்காக மாற்றினால் வேகம் மணிக்கு 55 கிலோமீற்றர். கவர்னர் அதற்குமேல் விடாது. முள்ளியவளையிலிருந்து தண்ணிமுறிப்புக்கு இது தாராளம். வவுனியா வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிப் போக இது போதாது. 4,000 சுற்று வரை ஓடும் வான் எஞ்சினில் அதே கியர்கள் 98 கிலோமீற்றர் வரை அனுமதிக்கும். வேகம் எஞ்சினின் பலத்தில் மட்டும் இல்லை. அது எத்தனை முறை சுற்றச் சம்மதிக்கிறது என்பதிலும் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாதையில் நடந்திருக்கின்றன. 1947இலிருந்து வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்ற மஹிந்திரா, 1970களின் எண்ணெய் விலையேற்றத்தில் பெற்றோல் ஜீப்புக்கு ஆளில்லாமல் போனபோது, தன் குழுமத்தின் உழவு இயந்திர டீசல் எஞ்சினை ஜீப்புக்குள் பொருத்தியது. பின்னர் பிரான்சின் பேஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று, காருக்கென்றே செய்யப்பட்ட, வேகமாகச் சுழலும் 2.1 லீற்றர் டீசல் எஞ்சினைத் தயாரித்தது. முதலில் கையில் கிடைத்தது, பிறகு பொருந்துவது. கராஜ்களும் இதே வரிசையில்தான் கற்றுக்கொள்கின்றன.

பத்தில் ஒரு மில்லிமீற்றர்

எஞ்சினையும் பழைய கியர்பொக்சையும் நேராகப் பூட்ட முடியாது. போல்ட் துளைகள் ஒத்துவராது. கிளச் அளவு ஒத்துவராது. இடையில் தடித்த இரும்புத் தட்டொன்றை லேத்தில் கடைந்து, ஒரு பக்கம் எஞ்சினுக்கும் மறுபக்கம் கியர்பொக்சுக்கும் துளையிட வேண்டும். பார்க்க இது வெறும் தட்டு. ஆனால் முழு வேலையின் தலைவிதியும் அதில் இருக்கிறது.

எஞ்சினின் கிராங் தண்டும் கியர்பொக்சின் உள்நுழையும் தண்டும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். இரண்டின் மையங்களும் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு, இரு பங்குக்குமேல் விலகினால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டு வளைந்து வளைந்து நிமிரும். முதலில் நடுவிலுள்ள பெயாரிங் ஊளையிடும். பிறகு கியர் தானாக விடுபடும். கிளச் தட்டு மையத்தில் கிழியும். இவை எல்லாம் மாதங்கள் கழித்து வருவதால் குற்றம் கியர்பொக்ஸ் மேல் விழும். நல்ல லேத் பட்டறைக்காரர் போல்ட்டை மட்டும் நம்பமாட்டார். கிராங்கில் அளவுமானியைப் பொருத்தி, கையால் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்த பிறகே நிலைநிறுத்தும் ஊசிகளை அடிப்பார்.

அடுத்தது இடம். டீசல் எஞ்சின் நீளமானது, பாரமானது. லாண்ட்றோவர் நிறுவனம் 1957இல் தன் முதல் டீசலை வெளியிடும் முன், 1956இலேயே ஜீப்பின் சக்கர இடைவெளியை 86 அங்குலத்திலிருந்து 88ஆகவும், நீண்ட மாதிரியில் 107இலிருந்து 109ஆகவும் நீட்டியது. கூட்டிய இரண்டு அங்குலமும் டீசலுக்காகத்தான். தொழிற்சாலையே சேசியை நீட்ட வேண்டியிருந்த இடத்தில், கராஜ்காரர் ரேடியேற்றரை முன்னே தள்ளியோ பின்சுவரை வெட்டியோதான் சமாளிக்க வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனத்தில் இன்னொரு சிக்கல். எஞ்சினுக்கு நேர் கீழே முன்னச்சு இருக்கிறது. குழியில் விழும்போது அது மேலெழும். வான் வண்டியில் இருந்தபோது அந்த எஞ்சினின் ஒயில் சம்ப்புக்குக் கீழே எதுவும் மேலேறி வந்ததில்லை. இப்போது சம்ப்பை வெட்டி வடிவம் மாற்றி ஒட்ட வேண்டும். ஒயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். சமதரையில் நிற்கும் ஜீப்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும் என்று நினைத்தால், முதல் பள்ளத்தில் ஒயில் முழுவதும் றோட்டில்.

எடையைத் தாங்க முன் வில்லில் ஒரு தகடு சேர்க்க வேண்டிவரலாம். அதிர்வும் வேறு. நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 சுற்றில் செக்கனுக்கு 25 முறை எரிகிறது. ஒவ்வோர் எரிப்பிலும் டீசலின் உள்ளழுத்தம் பெற்றோலை விடப் பல மடங்கு. கண்ணாடியும் மட்காட்டும் அந்த 25க்கு ஒத்து நடுங்கத் தொடங்கினால் வெல்டிங் விரியும். மென்மையான றப்பர் மவுண்ட் அதிர்வை விழுங்கும். ஆனால் மிக மென்மையானால் லோ கியரில் எஞ்சினே திரும்பி ஃபானை ரேடியேற்றரில் அடிக்கும்.

பெற்றோல் எஞ்சின் இலவசமாகத் தந்தவை

காற்றை அடக்கி ஓடும் பெற்றோல் எஞ்சின், காற்றுக்குழாயில் ஒரு வெற்றிடத்தைத் தானாகவே உண்டாக்குகிறது. பிறேக்கை மெதுவாக மிதித்தாலும் வாகனம் நிற்கும்படி உதவும் சேர்வோ அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. டீசலில் அடைக்கும் தகடு இல்லை. ஆகவே வெற்றிடமும் இல்லை. சேர்வோ உள்ள ஜீப்புக்குத் தனி வெற்றிடப் பம்ப் வேண்டும். பல யப்பானிய டீசல் எஞ்சின்களில் அது ஓல்ரனேற்றரின் பின்னால் ஒட்டியே வரும். எஞ்சினை வாங்கும்போது ஓல்ரனேற்றரைத் தனியாக விற்றுவிட்டிருந்தால், வாங்கியவர் பிறேக்கின் பாதியை அங்கேயே விட்டுவந்திருக்கிறார்.

சாவியைத் திருப்பினால் பெற்றோல் எஞ்சின் நிற்பது தீப்பொறி அறுவதால். தீப்பொறியே இல்லாத டீசலை நிறுத்த எரிபொருளை அறுக்க வேண்டும்: பழைய பம்புகளில் இழுக்கும் கம்பி, பிந்தியவற்றில் மின்வால்வு. நொசில்களில் மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்ப ஒரு குழாய் வேண்டும். பெற்றோல் ஜீப்பின் தாங்கியில் அதற்குத் துளை இருக்காது. ஸ்ரார்ட் செய்யும்போது பெற்றோல் சிலிண்டரில் சுமார் 10 பார் அழுத்தம் என்றால் டீசலில் 30 பார் அளவு. அதைச் சுழற்றப் பெரிய மோட்டரும் பெரிய பற்றறியும் தடித்த வயரும் வேண்டும். லொறியிலிருந்து வந்த எஞ்சினின் மோட்டர் 24 வோல்ற்றுக்குரியதாக இருக்கலாம். ஜீப்பின் விளக்குகளோ 12 வோல்ற்.

எரிபொருள் பம்பைத் தெரிவுசெய்வதிலும் அந்த மண்ணெண்ணெய்க் காலப் பாடம் உதவும். நிரையாக அமைந்த பழைய வகைப் பம்ப் எஞ்சின் ஒயிலில் நனைகிறது. சிறிய சுழல் வகைப் பம்புக்கு டீசலே உராய்வுநீக்கி. மண்ணெண்ணெய் டீசல் எஞ்சினில் எரியும். ஆனால் அதற்கு வழவழப்புக் குறைவு. சுழல் பம்ப் உள்ள ஜீப்பில் தொடர்ந்து மண்ணெண்ணெய் கலந்தால் முதலில் தேய்வது எஞ்சின் அல்ல, வாகனத்தின் மிக விலையுயர்ந்த துண்டான அந்தப் பம்ப்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியதும் கலப்படத்தின் ஆசையில் பெரும்பகுதி தானாகவே போயிற்று.

தண்ணீரும் புழுதியும்

டிஸ்றிபியூட்டர் நனைந்து நடு ஆற்றில் நின்றுபோவது பெற்றோல் ஜீப்பின் பழைய சாபம். டீசலுக்கு அந்தப் பயமில்லை. கம்பி இழுத்து நிறுத்தும் பம்ப் உள்ள டீசல், ஒரு முறை கிளம்பிவிட்டால் பற்றறியைக் கழற்றினாலும் ஓடும். அந்தத் துணிச்சலில்தான் பலர் எஞ்சினைக் கொல்கிறார்கள்.

அந்த லாண்ட்றோவர் டீசலின் ஒரு சிலிண்டர் சுமார் 570 மில்லிலீற்றர் காற்றை எடுத்து, 26 மில்லிலீற்றர் இடத்துக்குள் நெருக்குகிறது. பெற்றோல் எஞ்சினில் அந்த இடம் 95 மில்லிலீற்றர். காற்றை நெருக்கலாம்; தண்ணீரை நெருக்க முடியாது. ஆறு தேக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே போக இடமில்லை. அதைத் தள்ளும் தண்டு வளைந்துவிடும். ஆகவே டீசல் ஜீப்பின் காற்றுக்குழாய் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுவே அது இறங்கக்கூடிய நீரின் எல்லை. கூரைவரை உயர்த்திய குழாய் அலங்காரம் அல்ல. நீரில் நின்றுபோன டீசலை இழுத்துக் கிளப்ப முயல்வது அதைவிட மோசம்.

கோடையில் எதிரி கிறவல் புழுதி. 2.5 லீற்றர் டீசல் 2,000 சுற்றில் நிமிடத்துக்கு 2,500 லீற்றர் காற்றை விழுங்குகிறது. காற்றை அடக்காத எஞ்சின் ஆகையால், மெதுவாகப் போனாலும் சுற்றுக்கேற்ற முழுக் காற்றையும் எடுக்கும். வடிகட்டியில் ஒரு சிறு கசிவு இருந்தால் அத்தனை புழுதியும் பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும். வளையம் தேய்ந்த பெற்றோல் எஞ்சின் ஒயில் குடித்தபடி இன்னும் சில காலம் ஓடும். வளையம் தேய்ந்த டீசலில் நெருக்கம் குறையும். நெருக்கம் குறைந்தால் சூடு வராது. சூடு வராவிட்டால் காலையில் கிளம்பாது. எஞ்சினுக்கு மேலதிக ஆயுளைத் தருவது பெரும்பாலும் ஒரு காற்று வடிகட்டிதான்.

புகையும் பதிவும் விலையும்

இழுவை போதவில்லை என்றதும் பம்பின் திருகாணியைத் திருப்பி எரிபொருளைக் கூட்டுவது எளிய வைத்தியம். கூட்டிய எரிபொருளுக்குக் காற்றுப் போதாவிட்டால் அது கரும்புகையாக வெளியேறும். வெளியே போகும் கரி, காசு கொடுத்து வாங்கிய டீசல். 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. இலங்கையில் 2008 முதல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். எஞ்சின் மாற்றியதையும் எரிபொருள் வகை மாறியதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தாக வேண்டும். பழைய எஞ்சின் இலக்கத்தோடு ஓடும் ஜீப் வீதிச் சோதனையிலும் விற்பனையிலும் காப்புறுதியிலும் சிக்கும்.

விலைக் கணக்கும் பழையபடி இல்லை. 2021 ஜூனில் ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 157 ரூபா, ஒட்டோ டீசல் 111 ரூபா. அடுத்த ஆண்டு ஜூனில் அவை 470, 460. டீசல் மலிவு என்பதற்காக மட்டும் எஞ்சின் மாற்றியவரின் கணக்கு ஒரே ஆண்டில் உடைந்தது. ஒரு லீற்றரில் கூடுதல் தூரம் போவது மட்டும் எந்த விலைமாற்றத்திலும் மாறாமல் நின்றது. அது அரசாங்கத்தின் முடிவல்ல, அழுத்த விகிதத்தின் முடிவு.

ஆகவே எஞ்சினை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் குதிரைவலுவைப் பற்றியவை அல்ல. இந்த ஜீப் அதிகம் போவது வயலுக்கா, தார் வீதிக்கா? எஞ்சின் எத்தனை சுற்று வரை ஓடும், ஜீப்பின் கியர்கள் அதற்கு ஒத்துவருமா? ஓல்ரனேற்றர், பம்ப், ஸ்ரார்ட்டர் எல்லாம் கூடவே வருகின்றனவா? முன்னச்சு மேலெழும்போது சம்ப்பில் முட்டுமா? இணைப்புத் தட்டைக் கடையும் பட்டறையில் அளவுமானி இருக்கிறதா? வயலுக்கும் குளக்கட்டுக்கும் போகும் வாகனமாக இருந்து, இந்தக் கேள்விகளுக்கு விடையும் இருந்தால், மாற்றம் காசைத் திருப்பித் தரும். வாரத்துக்கொரு முறை பட்டினத்துக்குப் போய்வரும் வாகனத்தின் பெற்றோல் எஞ்சின் இன்னும் பழுதுபார்க்கக் கூடியதாக இருந்தால், அதைப் பிரித்துப் புது வளையம் போடுவதே குறைந்த செலவு.